வெட்கம் உயிரைக் குடிக்கலாமா?

பஞ்சாலையில் நாள் முழுவதும் நின்று உழைக்கும் பெண், தன் உடம்பு சரியில்லை என்று வாய் திறந்து சொல்வதில்லை. அதிலும் கர்ப்பப்பைத் தொல்லை என்றால், பெற்ற தாயிடம் சொல்லவும் கூசுகிறாள். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி எங்கும் இதே கதைதான்.

இந்த வெட்கத்துக்கு நாடு கொடுக்கும் விலை என்ன தெரியுமா? 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 80 ஆயிரம் பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் மாண்டனர் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு.

இத்தனைக்கும் இது திடீரென்று தாக்கும் நோய் அல்ல. எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி உடலில் நெடுங்காலம் தங்கிவிடுவதால் வருவது. புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் கண்டுகொண்டால் முளையிலேயே கிள்ளிவிடலாம்.

கண்டுகொள்ளப் பெரிய யந்திரமும் வேண்டியதில்லை. வினிகரில் உள்ள அமிலத்தை நீர்க்கக் கரைத்துத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், கோளாறு உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கொங்கு நாட்டை அடுத்த திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-ம் ஆண்டு முதல், பயிற்சி பெற்ற நர்சுகள் 30 முதல் 59 வயதுள்ள பெண்களை இவ்வாறு பரிசோதித்தார்கள். முடிவு 2007-ல் வெளிவந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது!

ஆனால் அங்கும் 49,311 பேரில் 31,343 பேரே பரிசோதனைக்கு வந்தனர். தமிழ்நாடு முழுவதிலும் நிலைமை இன்னும் மோசம். 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது.

ஏன் வரவில்லை? ஒரு நாள் கூலி போகும், மாமியார் என்ன சொல்வாரோ, டாக்டர் ஆணாக இருப்பாரோ, எல்லாவற்றுக்கும் மேலாக, "புற்று என்று சொல்லிவிட்டால்?" என்ற பயம். வாருங்கள் என்று சுவரொட்டி ஒட்டினால் இந்தப் பயம் போகாது. பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தாலே புற்று என்று அர்த்தம் அல்ல, ஆரம்பக் கோளாறைக் குளிரூட்டி உறைய வைத்தே அகற்றிவிடலாம் என்று கிராம நர்ஸ் விளக்க வேண்டும். மனைவியிடம் மட்டுமல்ல, கணவனிடமும் பேச வேண்டும். கோளாறு கண்டவர் சிகிச்சைக்கு வந்தாரா என்று தேடிப் போய் விசாரிக்கவும் வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரிகளில் சோதனைக்குக் கட்டணம் இல்லை. மில் முதலாளிகளும் பனியன் கம்பெனிகளும் சம்பளம் பிடிக்காமல் அரை நாள் விடுப்புக் கொடுத்தால், தாய்மார்கள் தாமே முன்வருவார்கள். வீட்டுக்கே விளக்கான தாயை வெட்கத்துக்குப் பலி கொடுக்கலாமா?