மாடு எப்படிக் கத்தும்?

படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, உங்கள் மடியில் பொத்தென்று உட்காருகிறது குழந்தை. "மாடு அம்மா! நாய் லொள் லொள்! பூனை மியாவ்!" என்று இரண்டே நிமிஷத்தில் ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுகிறீர்கள், இல்லையா? நானும் அப்படித்தான்.

என் மகளுக்கு ஒன்றரை வயது. வாயே திறக்கவில்லையே என்று உள்ளூரக் கவலை. ஒரு நாள், "மாடு எப்படிக் கத்தும்?" என்று கேட்டதும் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவள் என் வாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு உதட்டைச் சேர்த்து, "ம்...மா!" என்றாள்.

"இத்தனை நாளாக நீங்கள் எங்கே அவளைப் பேச விட்டீர்கள்?" என்றாள் மனைவி!

உண்மைதான். 'ம'வும் 'ப'வும் உதட்டில் பிறப்பவை. முகத்தைப் பார்த்தே குழந்தை பிடித்துக்கொள்ளும். ஜப்பானியக் குழந்தைக்கு நாய் 'வான் வான்' என்கிறது. நம் குழந்தைக்கு 'லொள் லொள்'. எல்லாம் வீட்டார் வாயிலிருந்து கற்பதுதானே!

யானை பிளிறும், மயில் அகவும் என்பதையெல்லாம் பிற்பாடு வாத்தியார் சொல்லிக்கொடுப்பார். இன்று நீங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதற்குள் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!