அலைகரையை உழுவோர் குளத்தையே உழுகின்றனர்

வன்னிக் கமக்காரனுக்குக் குளமே சோறு, குளமே சொத்து. அக்குளத்திற்குக் கேடு அணை உடைவதால் மட்டுமே வருமென்று எண்ணியிருப்போர் பலர். அஃது உண்மையன்று. அணை உடைப்பு ஊரறிய வரும் கேடு. அலைகரை அழிவோ ஓசையின்றி ஆண்டுதோறும் வரும் கேடு.

அலைகரையை அடுத்து நிற்கும் மருதையும் நாவலையும், அவற்றின் கீழ் அடர்ந்த கோரையையும் புல்லையும் "வெறுங்காடு" என்று இகழ்வோர், அவை ஆற்றும் தொண்டினை அறியார். மாரி வெள்ளத்தின் வேகத்தைப் புல் தணிக்கிறது. மண் அங்கேயே படிகிறது. தெளிந்த நீர் குளத்தை அடைகிறது. வேர்கள் கரையைப் பிணிக்கின்றன. மரவரிசை காற்றைத் தடுத்து, நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. மேட்டுத் தோட்டங்களிலிருந்து வழிந்துவரும் பசளையில் ஒரு பகுதியைச் செடிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. கரை மொட்டையானால் அப்பசளை பாசிக்கு உணவாகும், பாசி மடிந்து அழுக, நீரில் ஒட்சிசன் குன்றும், மீன் மாளும், வண்டல் நிறைந்து குளம் தூரும்.

இதனை முன்னோர் அறிந்திருந்தனர். சிங்களக் கிராமத்தார் குளத்தின் மேற்புற மரச்சோலையைக் 'கஸ்கொம்மன' என்றும், புல்வெளியைப் 'பெரஹன' என்றும் பெயரிட்டுக் காத்தனர். உலர்வலயத்தின் இக்குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக விவசாய மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. உலகம் போற்றுவதை நாம் உழுது தள்ளுகிறோம்!

சட்டம் இல்லையா? உண்டு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், குளத்தையும் அதன் ஒதுக்கு நிலத்தையும் அத்துமீறிப் பிடிப்பதைத் தடுக்கிறது. ஆயின், ஏட்டிலுள்ள சட்டம் தானே எழுந்து வந்து எல்லைக்கல் நடுமா?

"நிலமற்ற ஏழை எங்கே போவான்?" என்பர். நியாயமான கேள்வி. அவனுக்கு மாற்றுக் காணி வழங்குவது அரசின் கடமை. வாதாடிப் பெற்றுக்கொடுப்பது எமது கடமை. ஆனால் ஏழையின் பெயரால் உழவு இயந்திரத்தையும் நீர்ப்பம்பியையும் இறக்கி, ஏக்கர்க்கணக்கில் அலைகரையை விழுங்கும் செல்வருக்கு என்ன நியாயம்? குளம் நிரம்பினால் அவர் பயிர் மூழ்கும். ஆகவே குளம் நிரம்பாதிருப்பதே அவருக்கு இலாபம். குளம் நிரம்புவதே துருசின் கீழுள்ள நூறு வயற்காரருக்கு வாழ்வு. யார் பக்கம் நிற்கப்போகிறோம்?

கமக்காரர்களே! அடுத்த காலபோகக் கூட்டத்தில் விதைப்புத் திகதியோடு அலைகரையின் எல்லையையும் கேளுங்கள். அளந்து கல் நடும்வரை விடாதீர்கள். மொட்டையான இடத்தில் மருது நடுங்கள். நில அளவையாளரே, சட்டத்தரணிகளே, பட்டணத்தில் இருந்துகொண்டு வயலைக் குத்தகைக்கு விட்டிருக்கும் கனவான்களே! உங்கள் குத்தகை நெல்லும் அக்குளத்து நீரில் விளைந்ததே. உங்கள் கல்வியை ஒருநாள் அக்கரைக்குக் கொண்டுவாருங்கள்.

எமது மண்ணை நாமே ஆளவேண்டும் என்று கேட்கிறோம். கேட்பது நீதியே. கையிலிருக்கும் குளத்தைக் காத்துக் காட்டினாலன்றோ அக்கேள்விக்கு வலிமை பிறக்கும்!