இரண்டாம் அடமானம் வாங்கியவருக்கு யார் சொல்வது?

தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் ரோட்டை ஒட்டிய தெரு ஒன்றில், ஒரு மளிகைக் கடையின் ஷட்டரில் வங்கியின் சுவாதீன அறிவிப்பு ஒட்டப்பட்டது. கடைக்காரருக்காக வருத்தப்படாதவர் தெருவில் இல்லை. ஆனால் அதே கட்டடத்தை நம்பி இன்னொருவரும் இருந்தார். அவர் அந்தக் கடைக்குப் பருப்பும் எண்ணெயும் கடனுக்குக் கொடுத்து வந்த மொத்த வியாபாரி. பாக்கி 20 லட்சத்தை எட்டியபோது, கட்டடத்தின் மேல் இரண்டாம் அடமானம் எழுதி, முறைப்படி பதிவும் செய்து வாங்கியவர். "பத்திரம் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது" என்று சும்மா இருந்துவிட்டார். ஏலம் முடிந்தது. வங்கி எடுத்துக்கொண்டது போக மீதி கடைக்காரரிடம் போய், அன்றே மற்ற கடன்களில் கரைந்தது. நண்பர் கையில் மிஞ்சியது பத்திரமும் ஒரு வழக்கும்தான்.

வணிக நண்பர்களே, நம்மில் பலர் இப்படித்தான் பாக்கிக்கு ஈடு வாங்குகிறோம். ஆகவே இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இரண்டாம் அடமானத்தை வெறும் காகிதமாக நினைக்கவில்லை. முந்தியவருக்கு முதல் உரிமை என்று 48-ஆவது பிரிவு சொல்கிறது. அதே சமயம், முதல் அடமானக்காரரின் கடனைக் கட்டி சொத்தை மீட்கும் உரிமையை 91-ஆவது பிரிவு இரண்டாமவருக்கும் தருகிறது. அப்படிக் கட்டினால் முதலாமவரின் இடத்திலேயே அவர் அமரலாம் என்கிறது 92-ஆவது பிரிவு. பழைய முறையில் முதல் அடமானக்காரர் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். சொத்தில் பாத்தியதை உள்ள எல்லோரையும் வழக்கில் சேர்க்க வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 34-ஆவது கட்டளை. ஆக, இரண்டாமவர் வீட்டுக்கும் சம்மன் வரும்.

2002-ல் சர்ஃபேசி சட்டம் வந்தபின் நிலைமை மாறியது. வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே ஏலம் விடலாம். 60 நாள் நோட்டீஸ் கடன் வாங்கியவருக்கும் ஜாமீன்தாருக்கும் போகிறது. ரிஜிஸ்டர் ஆபீஸ் புத்தகத்தில் பெயர் ஏறியிருக்கும் இரண்டாம் அடமானக்காரருக்குத் தனியாக நோட்டீஸ் அனுப்பவேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. சுவாதீனம் எடுத்ததை இரண்டு பத்திரிகைகளில் விளம்பரம் செய்தால் போதும். காலை நாலு மணிக்குக் கோயம்பேடு போகிறவன் எந்தப் பத்திரிகையின் எந்த மூலையைப் பார்ப்பான்?

காலக்கெடுவும் குறுகிவிட்டது. 2016-ல் செய்த திருத்தத்தின்படி, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே பாக்கி முழுவதையும் கட்டினால்தான் சொத்தை மீட்கலாம். 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. கடன் வாங்கியவருக்கே அத்தோடு கதவு மூடிவிடுகிறது என்றால், அதன்பின் நாம் போய் நிற்பதில் என்ன பயன்?

ஒரு கணக்கு போடுவோம். கட்டடம் ஏலத்தில் 80 லட்சத்துக்குப் போகிறது. வங்கிக்கு அசல், வட்டி, செலவு சேர்த்து 64 லட்சம். மீதி 16 லட்சம். நமக்கு வரவேண்டியது 20 லட்சம். 16 லட்சம் கைக்கு வந்தாலும் பாக்கி 4 லட்சத்துக்கு ஈடு இல்லை. அந்த 16 லட்சமும் தானாக வந்து சேராது. மீதிப் பணம் அதற்கு உரியவருக்குப் போகவேண்டும் என்று சர்ஃபேசி சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. உரியவர் நாம் என்பதை வங்கிக்கு யார் சொல்வது? நாம்தான் சொல்லவேண்டும்.

ஆகவே இரண்டாம் அடமானம் வாங்குகிறவர்கள் சில காரியங்களை மறக்கக் கூடாது. எழுதும் முன் வில்லங்கச் சான்று பாருங்கள். அதோடு நிற்காமல், வங்கி அடமானங்களைப் பதிவு செய்யும் செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்திலும் கட்டணம் கட்டித் தேடுங்கள். வங்கியில் இன்றைய பாக்கி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், கடனின் உச்ச வரம்பு எவ்வளவு என்றும் கேளுங்கள். அடமானத்தில் உச்ச வரம்பு குறித்திருந்தால், பின்னால் கொடுக்கும் தொகைக்கும் அந்த வரம்பு வரை வங்கிக்கே முன்னுரிமை என்பது 79-ஆவது பிரிவு. இன்று 30 லட்சம் என்பது நாளை 60 லட்சம் ஆகலாம். பத்திரம் பதிவான அன்றே, நகல் வைத்து வங்கிக் கிளைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரத்தோடு வையுங்கள். கிஸ்தி தவறியது என்று காதில் விழுந்தால், மீதித் தொகையைக் கோரி மறுபடியும் எழுதுங்கள். வங்கிப் பாக்கி சிறியதாகவும் சொத்து பெரியதாகவும் இருந்தால், நாமே கட்டி மீட்பது லாபமா என்று வக்கீலோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

வங்கிகளை நாம் குறை சொல்லவில்லை. கொடுத்த பணத்தை வசூலிப்பது அவர்கள் உரிமை. வங்கிப் பணம் பொதுமக்கள் டெபாசிட்தானே! ஆனால் ஏலத்துக்கு முன் ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, அதில் பெயர் உள்ள பின் அடமானக்காரர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புவதில் வங்கிக்கு என்ன நஷ்டம்? செலவு நூறு ரூபாய்க் கணக்கு, அதனால் காப்பாற்றப்படுவதோ ஒரு வியாபாரியின் முதல். இதைக் கட்டாயமாக்கி விதியில் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று நம் சங்கம் மத்திய நிதி அமைச்சகத்துக்கும் ரிசர்வ் வங்கிக்கும் மனு கொடுக்கவேண்டும்.

அந்த வரி வரும்வரை நம் சரக்குக்கு நாமே காவல். இரண்டாம் அடமானப் பத்திரம் பீரோவில் இருப்பவர்கள், இந்த வாரமே அதை எடுத்துப் பார்த்து, வங்கிக்குக் கடிதம் போட்டோமா என்று சரிபாருங்கள்.