மூன்றுக்கு ஒன்று வராத கணக்கு

மெண்டல் விதியைப் படித்த பிளஸ் டூ மாணவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ‘மூன்றுக்கு ஒன்று’ என்பார். மெண்டலே எண்ணியபோது அது கச்சிதமாக வரவில்லை. 7,324 பட்டாணி விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை, வகுத்தால் 2.96. மூன்று என்பது அந்த எண்ணிக்கையிலிருந்து அவர் ஊகித்த விதி. நம் வகுப்பறைகளில் விதி தங்கிவிட்டது, எண்ணிக்கை காணாமல் போய்விட்டது. மரபியல் கட்டம் போட்டு நிரப்பும் பயிற்சியாகிவிட்டது. அதை மீட்க ஒரு புட்டி, ஒரு கனிந்த வாழைப்பழம், அதைச் சுற்றிப் பறக்கும் டிரோசோஃபிலா ஈக்கள் போதும். மாந்தோப்பைக் கெடுக்கும் பழ ஈ வேறு, இது வேறு.

எண்ணுவதன் பலன் என்ன என்பதற்கு, இதே ஈக்களை ஆராய்ந்த மரபியலாளர் மார்கனே சான்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1910-இல், சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே கிடைத்த வெள்ளைக் கண் ஆண் ஒன்றைக் கலப்பு செய்து, பேரப்பிள்ளைகளை எண்ணினார். சிவப்புக் கண் பெண் 2,459, சிவப்புக் கண் ஆண் 1,011, வெள்ளைக் கண் ஆண் 782. சிவப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள விகிதம் நாலரைக்கு ஒன்றை நெருங்கியது. ‘ஏறத்தாழ மெண்டல் சொன்னதுதான்’ என்று அவர் மூட்டை கட்டியிருக்கலாம். ஆணையும் பெண்ணையும் பிரித்து எண்ணியதால்தான், வெள்ளைக் கண் பெண் ஒன்றுகூட இல்லை என்பது தெரிந்தது. கண்ணின் நிறத்தைத் தரும் காரணி பால் குரோமோசோமோடு பிணைந்திருக்கிறது என்ற முடிவு அங்கிருந்து பிறந்தது. குரோமோசோம் ஆய்வுக்காக 1933-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

பள்ளியில் இதற்கு நேரமேது என்பார்கள். 25 டிகிரி வெப்பத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ என்ற முழுச் சுற்றும் சுமார் 10 நாளில் முடிந்துவிடும். நம் கோடைக்கு ஒத்துவராது என்பது நியாயமான தடைதான். 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வளரும் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். ஆகவே மார்கழி, தை மாதங்களில் தொடங்கலாம். உயிர்வதை என்று தடை சொன்னால், ஈக்களை மயக்க ஈத்தரைத் தேட வேண்டாம். புட்டியைச் சற்று நேரம் பனிக்கட்டியில் வைத்தால் ஈக்கள் அசையாமல் கிடக்கும். எண்ணி முடித்ததும் எழுந்துவிடும். நம் ஊரில் பிடித்தவற்றைத் திரும்பப் பறக்கவிடலாம். கலப்புச் சோதனைக்குத்தான் தனி வகைகள் தேவை. முதல் பாடத்துக்கு ஆண், பெண் எண்ணிக்கையே போதும். உருவில் சிறிதாய், வயிற்றின் நுனி கறுத்திருந்தால் ஆண். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு விகிதம் வரும். வகுப்பின் எண்களையெல்லாம் கூட்டினால் பெரும்பாலும் சரிபாதியை நெருங்கும். தற்செயல் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சூத்திரம் விளக்கும்?

உண்மையான தடை ரெக்கார்டு நோட்டுதான். விடை முன்கூட்டியே தெரிந்த செய்முறையில், போன வருட நோட்டைப் பார்த்து எழுதுவதே மாணவருக்குப் புத்திசாலித்தனம். புட்டியில் ஈ வந்தாலும், மதிப்பெண் ‘சரியான’ விகிதத்துக்கே போனால் எண்ணிக்கை மறுபடி பொய்யாகும். எண்ணிய எண்ணை அப்படியே எழுதி, அது ஏன் விலகியது என்று யோசித்தவருக்கு மதிப்பெண் தர வேண்டும். அந்த மாற்றத்துக்குத் தயாரில்லாத பள்ளி ஈ வளர்க்காமல் இருப்பதே மேல்.