விளங்காததை ஒப்படைக்கலாமா?



செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவதை ஏற்கலாமா என்னும் கேள்வி இன்று வீடுதோறும் எழுகின்றது. கணினி மொழியொன்றைப் பேணிவருவோர் இக்கேள்வியை எதிர்கொண்ட விதம் நமக்கும் பாடமாகும் என்பது என் கருத்து.

ஓகேமல் என்பது பிரான்சின் இன்ரியா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1996இல் உருவான கணினி மொழி. நிரலிலுள்ள பிழைகள் பலவற்றை, அது இயங்குமுன்னரே சுட்டித் திருப்பியனுப்பும் கண்டிப்பான ஆசிரியர் அது. இயந்திரம் எழுதும் நிரலைச் சோதிக்க அக்கண்டிப்பு உதவும் எனக் கருதி, அம்மொழியினர் பலர் பரிசோதனைகள் செய்துவருகின்றனர்.

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒருவர், இயந்திரத்தைக்கொண்டு எழுதிய ஏறத்தாழ 13,000 வரி நிரலை அம்மொழியிற் சேர்க்குமாறு அளித்தார். பேணுவோர் ஏற்கவில்லை. காரணம் இயந்திரத்தின்மீது பகைமையன்று. முன்கூட்டிய கலந்தாலோசனை இல்லை. அத்தனை வரிகளையும் படித்துச் சரிபார்க்கும் சுமையோ பேணுவோர் தலையில் விழுந்தது. மேலும், சில கோப்புகளில் எழுதியவராக வேறொருவரின் பெயர் இருந்தது. ஏனென்று வினவியபோது, அவ்வாறு இட்டது இயந்திரமே, தாம் அதனைக் கேள்விக்குட்படுத்தவில்லை என்ற பொருள்படவே விடை வந்தது.

இதனை அறிந்தபோது என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. சென்ற தவணையில் ஒரு மாணவர் பிழையேயற்ற கட்டுரை கொண்டுவந்தார். அதிலிருந்த 'புலம்பெயர்வு' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டேன், தலைகுனிந்தார். தம் பாட்டனார் ஊரைவிட்டு வந்த கதையைச் சொல்லுமாறு கேட்டேன். தட்டுத்தடுமாறி, பிழைகளோடு சொன்னார். நான் புள்ளி வழங்கியது அதற்கே. ஊரில் ஆசிரியனாயிருந்த காலத்தில் பார்த்தெழுதியோரைத் தண்டித்தேன். ஊரை இழந்துவந்த எனக்கு, இன்று அக்கதை அவர் வாயில் வந்ததே போதுமாயிருந்தது.

"எப்படியாவது தமிழ் எழுதினாற் போதாதா?" எனப் பெற்றோர் சிலர் கேட்கின்றனர். போதாது. எழுதியது பிள்ளையன்று, ஆதலால் கற்றதும் பிள்ளையன்று. திருத்தும் ஆசிரியரின் சனிக்கிழமையும் வீணாகின்றது.

இயந்திரத்தை ஒதுக்குமாறு நான் கூறவில்லை. முதலில் நீங்கள் எழுதுங்கள். பின்னர் பிழைகளை அதனிடம் கேளுங்கள். அது சொல்வதையும் ஐயுறுங்கள். பெற்றோரே, பிள்ளை எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேளுங்கள். விளக்கிச் சொல்ல இயலாத வரியை ஒப்படைக்க வேண்டாம். பிழையோடு வரும் உங்கள் சொந்த வரியைத் திருத்தவே நாங்கள் வாரந்தோறும் காத்திருக்கின்றோம்.