எந்த ஊசி என்பதா வினா?

தீபாவளி விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன்னர் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் வழக்கொன்று எழுந்தது. முகச் சுருக்கத்தைப் போக்கப் போடோக்ஸ் ஊசி சிறந்ததா, ஃபில்லர் ஊசி சிறந்ததா என்பதே வழக்கு. ஆசிரியைகள் இரு கட்சியாகப் பிரிந்து நின்றனர். "ஐயா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார் ஒருவர். நல்ல பட்டிமன்றத் தலைப்பு என நகைத்து நகர முற்பட்டேன். அப்பொழுது அவர் தம் கைப்பேசியில் வந்திருந்த விளம்பரத்தைக் காட்டினார். ஓர் அழகு நிலையம் இரண்டு ஊசிகளுக்கும் பண்டிகைக் கழிவு அறிவித்திருந்தது. மருத்துவர் எவருடைய பெயரும் அதில் இல்லை. என் நகைப்பு அங்கேயே நின்றது.

முதலில், வழக்கின் அடிப்படையே பிழை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடும் பொருள்கள் அல்ல. கெட்டுப்போன உணவில் நஞ்சை விளைவிக்கும் நுண்ணுயிர் ஒன்று உண்டு. அந்நஞ்சையே மிகச் சிறிய அளவில் தூய்மைப்படுத்தி மருந்தாக்கியதுதான் போடோக்ஸ். அது நரம்பின் கட்டளை தசையைச் சென்றடையாமல் தடுக்கிறது, தசை ஓய்கிறது, புருவங்களுக்கு இடையே விழும் கோடு தளர்கிறது. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் 1989இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, 2002இல்தான் புருவக் கோட்டுக்கு ஒப்புதல் பெற்றது. இதன் பயன் மூன்று நான்கு திங்களில் தேய்ந்துவிடும்.

ஃபில்லரோ தசையைத் தொடுவதில்லை. நம் தோலில் இயல்பாகவே உள்ள ஹையலூரோனிக் அமிலத்தைக் கூழாக்கிச் செலுத்துவதே பெரும்பான்மை வழக்கம். கன்னம் ஒட்டிய இடத்தையும், மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை விழும் பள்ளத்தையும் அது நிரப்புகிறது. ஆறு திங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் நிற்கும். ஆகவே, தசை இழுப்பதால் விழும் கோட்டுக்கு முன்னது; நிறைவு குன்றியதால் விழும் பள்ளத்துக்குப் பின்னது. இவற்றுள் எது சிறந்தது என வழக்காடுவது, குடை சிறந்ததா செருப்புச் சிறந்ததா என வழக்காடுவதை ஒக்கும்.

இனி, உண்மையான வினாவுக்கு வருவோம். அந்த ஊசியைப் பிடிக்கும் கை யாருடையது? போடோக்ஸ் இடம் தவறினால் இமை சரிந்து தொங்கும். சில வாரங்களில் அது மீளக்கூடும். ஃபில்லர் இரத்தக் குழாய்க்குள் புகுந்தால் தோல் அழுகும். நெற்றியிலும் மூக்கிலும் ஓடும் குழாய்கள் கண்ணின் குழாயோடு தொடர்புடையவை. அடைப்பு அங்குச் சென்றால் பார்வையே பறிபோகலாம். போன பார்வை மீள்வது அரிது. ஹையலூரோனிக் கூழை உடனே கரைக்க நொதி மருந்து ஒன்று உண்டு. கழிவு விலையில் ஊசி போடும் அழகு நிலையத்தில் அம்மருந்து இருக்குமா? அதன் பெயரேனும் அங்குள்ளோர்க்குத் தெரியுமா?

நம் நாட்டில் இவ்வூசிகளை மருத்துவர் மட்டுமே செலுத்தலாம்; அழகியல் சிகிச்சை செய்யும் மருத்துவரும் சுகாதார அமைச்சின் தகுதிச் சான்றைப் பெற்றிருத்தல் வேண்டும். பதிவு பெறாமல் மருத்துவ நிலையம் நடத்தும் தனியாளுக்கு மூன்று லட்சம் வெள்ளி வரை தண்டமும் ஆறாண்டு வரை சிறையும் விதிக்க 1998ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆசிரியர் பயிற்சி பெறாத ஒருவரை வகுப்பில் நிறுத்தினால் பெற்றோர் என் அறை வாயிலில் வந்து நிற்பர். பிள்ளையின் வாய்பாட்டுக்குக் கேட்கும் சான்றிதழை நம் கண்ணுக்குக் கேட்க வேண்டாமா?

"பெண்களின் ஒப்பனையில் தலைமையாசிரியருக்கு என்ன வேலை?" எனச் சிலர் வினவுவர். ஒப்பனையை நான் பழிக்கவில்லை. தலைக்குச் சாயம் பூசும் எனக்கு அவ்வுரிமையும் இல்லை. நான் பழிப்பது நம் நாவை. ஆணின் நரையை அனுபவம் என்போம்; பெண்ணின் கோட்டைக் கண்டதும் "வயதாகிவிட்டதே" என்போம். திருமண வீட்டிலும் கோயில் வாயிலிலும் நாம் உதிர்க்கும் அச்சொல்லே அழகு நிலையத்தின் முதலீடு. அன்று கைப்பேசியைக் காட்டிய ஆசிரியையிடம் ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில், "என்னம்மா, முகம் வாடிப்போய்விட்டதே" என்று சொன்னவன் வேறெவனும் அல்லன், நானே. இருபது ஆண்டுகளாக நாற்பது பிள்ளைகளை நோக்கிச் சுருங்கி விரிந்த நெற்றி அது என்பது அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை.

என் தீர்ப்பு இதுதான். எந்த ஊசி என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். யார் கை என்பதைச் சட்டம் முன்னரே முடிவு செய்துவிட்டது. ஊசி வேண்டுமா என்பதை அவரவரே முடிவு செய்க. அம்முடிவை அச்சத்தால் எடுக்கும் நிலைக்கு ஒரு பெண்ணை ஆளாக்காதிருத்தல் நம் கடமை. அக்கடமையை நான் என் நாவிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.