மூடி தெரிந்தால் என்ன?

சென்ற மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, மகள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்து விளக்குகள் மினுக்கின. கருகல் வாடை வந்தது. மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன், ஸ்விட்சுகளையெல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டு அண்ணாந்தார்.

"ஜங்ஷன் பாக்ஸ் எங்கே, சார்?"

"இந்த ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, தம்பி."

"திறக்க வழி?"

வழி இல்லை. சீலிங் போட்டவர், "மூடி தெரிந்தால் அசிங்கம்" என்றார், நானும் தலையாட்டியிருந்தேன். ஜிப்ஸம் பலகையை நாலு இடத்தில் அறுத்துத் தேடினோம். முறுக்கி, டேப் சுற்றி, பெட்டிகூட இல்லாமல் விட்டிருந்த ஓர் இணைப்பு கரியாகிக் கிடந்தது. விளக்குகளுக்கும் இஸ்திரிப் பெட்டி பிளக்குக்கும் அதுவே வழி. அதற்கு நேர் கீழேதான் என் தாயார் படுத்து உறங்குகிறாள்.

"எம்.ஸி.பி. இருக்கிறதே, அணைந்திருக்குமே!" என்பீர்கள். அணையாது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் இழுப்பது நாலரை ஆம்பியருக்கும் குறைவு. 10 ஆம்பியர் எம்.ஸி.பி.க்கு அது நியாயமான ஓட்டம். தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடுகிறது. அந்த ஓரிடம் மட்டும் கொதிக்கிறது. அதை அறிய மனிதக் கண்தான் போகவேண்டும். கண் போகும் வழியைத்தான் நாம் பூசி மெழுகிவிடுகிறோம்.

தாத்தா வீட்டுச் சுவரில் மரச்சட்டத்தின்மேல் ஒயர் கட்டெறும்பு வரிசைபோல் ஓடும். அழகென்று சொல்லமாட்டேன். ஆனால் கோளாறு எங்கே என்பது ஸ்டூல் போட்டு ஏறினால் தெரிந்துவிடும். நாமோ ரிப்பேருக்கு வருகிறவரின் கண்ணைக் கட்டிவிட்டு, "அவனுக்குத் தொழில் தெரியவில்லை" என்று பேசுகிறோம்!

ஒயரை மறைப்பதை நான் குறை சொல்லவில்லை. குழாய்க்குள் முழு ஒயராக ஓடட்டும். இணைப்பை மட்டும் பெட்டிக்குள் வைத்து, கை எட்டும்படி ஒரு மூடி போடச் சொல்கிறேன். இந்தியத் தரநூல் ஐ.எஸ். 732 சொல்வதும் இதுதான்: சோதிக்கவும் பழுது பார்க்கவும் இணைப்புகள் எட்டவேண்டும். பிசின் ஊற்றி அடைத்தவை போன்ற சிலவற்றுக்கே விலக்கு.

வீட்டுக்காரர்களே, சீலிங் மூடுமுன் ஏறிப் பாருங்கள். விருந்தாளியின் கண்ணுக்காக வீட்டாரின் உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

என் கூடத்தில் இப்போது ஓரடிச் சதுரத்தில் ஒரு மூடி இருக்கிறது. வருகிறவர்கள், "அது என்ன, அசிங்கமாக?" என்கிறார்கள். கேட்கட்டும். அம்மா அதன் கீழே நிம்மதியாகத் தூங்குகிறாள்.